ஓவர்கிளாக் செய்யப்போவதில்லை என்றால், ரேம் லேபிளில் 1.2 வோல்ட் இருக்கிறதா பாருங்கள்

கேள்வி: ஐயா, ஸ்டூடியோக்காரர்களுக்கு வீட்டில் இருந்தே கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். இப்போதுள்ள பிசி பழசாகிவிட்டது. ஃபோட்டோஷாப்பில் நாலு ஷீட் திறந்தாலே திணறுகிறது. புதிதாக அசெம்பிள் செய்ய ஐ5-12400 பிராசசர், டிடிஆர்4 ரேம் போடும் எச்610 மதர்போர்டு என்று முடிவு செய்துவிட்டேன். தனி கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை. ஓவர்கிளாக், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, அந்தப் பக்கமே போகமாட்டேன். ரேமில்தான் குழப்பம். கடையில் இரண்டு விலை சொன்னார்கள். ஒன்று, ஹீட்சிங்க், கலர் லைட் எல்லாம் வைத்த 3600 ஸ்பீடு ரேம், 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. இன்னொன்று, வெறும் பச்சைப் பலகையாக இருக்கும் 3200 ஸ்பீடு, அதுவும் 8 ஜிபி இரண்டு. விலை அதிகமானாலும் முதலாவதுதான் ஃபாஸ்ட் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கட்டும்? பழைய பிசியில் 2400 ஸ்பீடு 8 ஜிபி ஸ்டிக் ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது. அதையும் சேர்த்துப் போடலாமா?
வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பச்சைப் பலகை 3200-ஐயே வாங்குங்கள். ஆனால் 8 ஜிபி இரண்டு வேண்டாம், 16 ஜிபி இரண்டாக வாங்குங்கள். லைட்டுக்கும் ஹீட்சிங்குக்கும் கொடுக்கவிருந்த பணத்தை ஜிபிக்குக் கொடுங்கள். பழைய ஸ்டிக்கைப் புது பிசியில் சேர்க்காதீர்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த போர்டில் அந்த 3600 ரேம், 3200 ரேமைவிட மெதுவாக ஓடத்தான் வாய்ப்பு அதிகம். கேட்க விசித்திரமாக இருக்கும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது தெரியாமல் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, குறைந்த வேகத்தில் வருஷக்கணக்காக வேலை செய்கிறவர்களை சர்வீஸுக்கு வரும் பிசிகளில் அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்று சின்னதாக ஒரு சிப் இருக்கும். எந்த வேகத்தில், எந்த டைமிங்கில் (தகவல் கொடுக்க எடுக்கும் தாமதக் கணக்கு), எத்தனை வோல்ட்டில் இந்த ஸ்டிக் ஓடும் என்ற அட்டவணை அதற்குள் பதிவாகியிருக்கும். பவர் போட்டதும் மதர்போர்டு அதைத்தான் படிக்கிறது. அட்டவணையின் முதல் பகுதியில் இருப்பவை ஜெடெக் என்ற தர அமைப்பின் விதிப்படி அமைந்த வேகங்கள். டிடிஆர்4-க்கு ஜெடெக் வைத்த உச்சம் 3200, அதுவும் 1.2 வோல்ட்டில். இந்த வேகங்களைப் போர்டு தானாகவே எடுத்துக்கொள்ளும், நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. இரண்டாவது பகுதி எக்ஸ்எம்பி. ரேம் கம்பெனி தானே சோதித்துப் பார்த்து, வோல்டேஜை ஏற்றி, எழுதி வைத்த வேகம் அது. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸுக்குள், போய் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். இன்டெல்லின் எக்ஸ்எம்பியும் ஏஎம்டியின் எக்ஸ்போவும் அந்தந்தக் கம்பெனிகளின் கணக்கிலேயே ஓவர்கிளாக்தான்.

கடைக்காரர் காட்டிய 3600 என்ற எண் அந்த இரண்டாம் பகுதியில் இருப்பது. எக்ஸ்எம்பி போடாவிட்டால் அதே ஸ்டிக் ஜெடெக் பகுதிக்கு இறங்கிவிடும். இந்த வகை ஸ்டிக்குகளில் அந்தப் பகுதியில் பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666 வரைதான் எழுதியிருப்பார்கள். பெட்டியில் 3600 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே 2666 ஓடிக்கொண்டிருக்கும். சாதா 3200 ஸ்டிக்கிலோ ஜெடெக் பகுதியிலேயே 3200 இருக்கிறது. போட்டவுடன் 3200.

உங்கள் விஷயத்தில் இன்னொரு தடையும் உண்டு. எச்610 சிப்செட்டில் ரேம் ஓவர்கிளாக் கிடையாது. ஐ5-12400-க்கு இன்டெல் சொல்லும் டிடிஆர்4 வேகமும் 3200 வரைதான். அதாவது, பயாஸில் என்ன செய்தாலும் அந்த 3600 உங்களுக்குக் கிடைக்காது. சில போர்டுகளில் எக்ஸ்எம்பியை ஆன் செய்து 3200-க்கு வரவழைக்கலாம். விலை குறைந்த ஸ்டிக் தானாகவே வந்து நிற்கிற இடத்துக்கு இதைத் தள்ளிக்கொண்டு போக எதற்குக் கூடுதல் பணம்?

கடைக்காரர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண் 3600-இன் லேபிளில் சிஎல்18 என்றும், சாதா 3200-இல் சிஎல்22 என்றும் இருக்கும். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி ரேம் ஸ்பீடால் வகுத்தால், கேட்ட தகவல் வரத் தொடங்க எத்தனை நானோசெகண்ட் ஆகும் என்று தெரிந்துவிடும். 3600 சிஎல்18-க்கு 10 நானோசெகண்ட். 3200 சிஎல்22-க்கு 13.75. எக்ஸ்எம்பி முழுதாக வேலை செய்யும் போர்டில், தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடுகிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பி660, பி760 போர்டு வாங்கி, பயாஸில் கை வைக்கத் தயாராக இருப்பவருக்கு அவர் சொன்னது சரியான யோசனையாகவே இருக்கலாம். ஆனால் எக்ஸ்எம்பி போடாமல் அது 2666 சிஎல்19-க்கு இறங்கினால் 14.25 நானோசெகண்ட். தாமதத்திலும் பின்னே, ஒரு வினாடியில் கொண்டுவரும் டேட்டா அளவிலும் பின்னே.

ஓவர்கிளாக் வேண்டாம் என்ற உங்கள் முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். விளிம்பில் ஓடும் ரேம் ஒரேயடியாகச் செத்துப்போவதில்லை. எப்போதாவது ஒரு பிட்டை மாற்றிப் படிக்கும். கேமில் அது ஒரு ஹேங், ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. உங்களுக்கு அது சேவ் செய்த பிஎஸ்டி ஃபைலுக்குள் போய் உட்காரும், அல்லது மெமரி கார்டில் இருந்து ஹார்டு டிஸ்குக்கு காப்பி ஆகும் படத்துக்குள். கார்டையும் அழித்துவிட்ட பிறகுதான் தெரியவரும். தாலி கட்டுகிற நேரத்தை மறுபடி எடுக்க முடியாது.

சரி, கடையில் ஸ்டிக்கைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் வோல்ட். டிடிஆர்4 லேபிளில் 1.2 என்று இருந்தால் அநேகமாக ஜெடெக் வேகத்து ரேம். 1.35 என்று இருந்தால் லேபிளில் உள்ள ஸ்பீடு எக்ஸ்எம்பி ஸ்பீடு, சந்தேகமே வேண்டாம். டைமிங் 16-18-18-38 என்பது போல நாலு எண்ணாகப் பெரிதாக அச்சடித்திருந்தாலும் அதே அடையாளம்தான். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் ஸ்டிக்குகளில் "1ஆர்×8 பிசி4-3200ஏஏ-யுஏ2" என்ற மாதிரி ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். அதில் 3200ஏஏ என்றால் ஜெடெக் 3200, சிஎல்22. அடுத்து வரும் யு என்ற எழுத்து, இது சாதாரண டெஸ்க்டாப் ரேம் என்கிறது. அந்த இடத்தில் ஆர் என்று இருந்தால் அது சர்வரில் போடும் ரேம். கழற்றிய சர்வர் ரேம் மலிவாகக் கைமாறுகிறது. டிடிஆர்4-இல் அது உங்கள் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரவும் செய்யும். ஆனால் டிஸ்பிளே வராது. 16 ஜிபி இவ்வளவு மலிவா என்று யாராவது நீட்டினால், முதலில் அந்த ஓர் எழுத்தைப் பாருங்கள்.

கிங்ஸ்டனில் கேவிஆர் என்று தொடங்கும் நம்பர் இருக்கும். கேவிஆர்32என்22டி8/16 என்பதை இப்படிப் படிக்க வேண்டும்: 32 என்றால் 3200, என் என்றால் டெஸ்க்டாப் ரேம், 22 சிஎல், டி என்றால் டூயல் ரேங்க் (சிப்கள் இரண்டு தொகுதியாக இருப்பது), 8 என்பது சிப்பின் அகலம், கடைசி 16 ஜிபி. என் இருக்கும் இடத்தில் எஸ் இருந்தால் லேப்டாப்புக்கு. 8 ஜிபி ஸ்டிக்கில் கடைசிப் பகுதி எஸ்8/8 என்றில்லாமல் எஸ்6/8 என்றிருந்தால், சிப் அகலம் 16. அதில் சிப் எண்ணிக்கை குறைவு, உள்ளுக்குள் பேங்க் குரூப் என்ற உட்பிரிவுகளும் பாதிதான், அதனால் கொஞ்சம் மந்தம். மற்ற கம்பெனி லேபிள்களில் இதையே 1ஆர்×16 என்று போட்டிருப்பார்கள். நீங்கள் 16 ஜிபி ஸ்டிக் வாங்கினால் இந்தக் கவலையே பெரும்பாலும் வராது.

இனி, ஏன் 32 ஜிபி என்று அடம்பிடிக்கிறேன் என்பது. உங்கள் ஷீட்டையே எடுத்துக்கொள்வோம். 12-க்கு 36 இன்ச், 300 டிபிஐ என்றால் 3600-க்கு 10,800 பிக்சல், ஏறக்குறைய 3.9 கோடி. ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்று வைத்தால், பேக்ரவுண்டு மட்டுமே 117 எம்பி. ட்ரான்ஸ்பரன்சியோடு ஷீட் முழுக்க நிறையும் லேயர் ஒவ்வொன்றும் 155 எம்பி பக்கம். பத்து லேயர், மேலே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்த கேமரா படங்கள், ஹிஸ்டரிக்காக ஃபோட்டோஷாப் எடுத்து வைக்கும் பழைய நிலைகள் எல்லாம் சேர்ந்தால் ஒரே ஷீட் சில ஜிபியைத் தின்றுவிடும். நீங்களோ நாலு ஷீட் திறந்து வைத்துக்கொள்கிறீர்கள். பக்கத்தில் க்ரோம், வாட்ஸ்அப், படம் தேர்வு செய்ய இன்னொரு சாஃப்ட்வேர். கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸும் இதே ரேமில்தான் பங்கு கேட்கும். ஃபோட்டோஷாப்போ பொதுவாக மிச்சமிருக்கும் ரேமில் 70 சதவீதத்தைத்தான் தனக்கு எடுத்துக்கொள்ளும்.

ரேம் போதாதபோது ஃபோட்டோஷாப் ஸ்க்ராட்ச் டிஸ்கில், அதாவது ஹார்டு டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் இடத்தில், எழுதத் தொடங்குகிறது. நீங்கள் சொன்ன திணறல் அநேகமாக அதுதான். இதை இப்போதே பழைய பிசியில் உறுதி செய்துகொள்ளலாம். ஃபோட்டோஷாப் ஜன்னலின் இடது கீழ் மூலையில் டாக்குமென்ட் அளவு காட்டும் இடத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி எஃபிஷியன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கம்போல வேலை செய்துகொண்டே பாருங்கள். 100 சதவீதத்திலேயே நின்றால் ரேம் போதும். 80, 70 என்று இறங்கினால் டிஸ்கில் தடவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டிஸ்குக்கும் ரேமுக்கும் உள்ள தூரம் பெரிது. 3200 ரேம் ஒரே ஒரு ஸ்டிக்காக ஓடினாலும் வினாடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடினால் 51.2 ஜிபி. ஜென்3 வகையில் நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி வினாடிக்கு சுமார் 3.5 ஜிபி, சாட்டா எஸ்எஸ்டி என்றால் அரை ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். ரேமின் ஸ்பீடில் 3200-க்கும் 3600-க்கும் நடுவே இருப்பது எட்டில் ஒரு பங்கு வித்தியாசம். ரேம் தீர்ந்து டிஸ்குக்குப் போனால் பல மடங்கு. அதனால்தான் முதலில் ஜிபி, பிறகு இரண்டு ஸ்டிக், ஸ்பீடு எல்லாவற்றுக்கும் பிறகு என்று சொல்கிறேன்.

எச்610 போர்டுகளில் பெரும்பாலும் ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டுதான். 8 ஜிபி இரண்டு போட்டால் இரண்டும் நிறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து 32 வேண்டும் என்று தோன்றினால் இருக்கும் இரண்டையும் கழற்றி விற்க வேண்டும், பழைய ரேமுக்கு என்ன விலை கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரேயடியாக 16 இரண்டு வாங்கப் பணம் இடிக்கிறதென்றால், இப்போது ஒரே ஒரு 16 ஜிபி 3200 போட்டு வேலையைத் தொடங்குங்கள். அதே நம்பர் ஸ்டிக் இன்னொன்றைக் கொஞ்ச நாளில் சேருங்கள். அதுவரை சிங்கிள் சேனல்தான். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஜூம் செய்து நகர்த்தும்போது உணர்வீர்கள். இதற்கு மாறாகச் சொல்லும் டெக்னீஷியன்கள் உண்டு, முதல் நாளில் இருந்தே டூயல் சேனல் முக்கியம் என்பார்கள். ஸ்லாட் நாலு இருக்கும் போர்டானால் நானும் அதைத்தான் சொல்வேன்.

ரேம் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-இன் பிற்பகுதியில் இருந்து ரேம் விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். உலகத்தின் ரேம் சிப்பில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றிலும் இருந்துதான் வருகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் அதை அள்ளிக்கொண்டு போகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது. ஆகவே போன மாதக் கொட்டேஷனை நம்பிப் போகாதீர்கள், கிளம்பும் அன்று காலை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். விலை ஏறியிருக்கும் இந்த நேரத்தில் வீணாகும் ஒவ்வொரு ரூபாயும் ஜிபியில்தான் குறையும்.

உங்கள் பழைய 2400 ஸ்டிக்: புதிய 3200-ஓடு போட்டால் இரண்டுமே 2400-க்கு இறங்கிவிடும். ஒன்று 16, ஒன்று 8 என்று போட்டாலும் இன்டெல் போர்டு சமாளிக்கும். முதல் 16 ஜிபி டூயல் சேனலிலும் மிச்ச 8 சிங்கிளிலும் ஓடும். ஆனால் இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் ஒன்றை அதற்குக் கொடுப்பது லாபமில்லை. அந்த ஸ்டிக்கைப் பழைய பிசியிலேயே விட்டு, பில் போடவோ பிரிண்ட் எடுக்கவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து. கணக்கு எல்லா பிசிக்கும் ஒன்றுதான்: உங்கள் பிராசசருக்குக் கம்பெனி சொல்லும் ரேம் வேகம் என்ன என்று பாருங்கள், அதே வேகத்தை ஜெடெக் பகுதியிலேயே வைத்திருக்கும் ஸ்டிக்கை வாங்குங்கள். ஐ5-10400-ஐ பி460 போர்டில் வைத்திருப்பவருக்கு 2666-க்கு மேல் எதுவும் கிடைக்காது. 3200 ஸ்டிக் போட்டால் கெடுதல் இல்லை, இறங்கி ஓடும். ரைசன் 5 7600 போன்ற ஏஎம்5 பிராசசர்களுக்கு டிடிஆர்5 மட்டும்தான், அறிவித்த வேகம் 5200. சாதா 5600 சிஎல்46 ஸ்டிக், 1.1 வோல்ட் என்று போட்டிருப்பது, இரண்டு வாங்கினால் போதும். அதில் நாலு ஸ்டிக் போட வேண்டாம். நாலு ஸ்லாட்டும் நிறைந்தால் ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் 3600-க்கு இறங்கிவிடுகிறது. டிடிஆர்5 முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து பவரைப் பிடுங்காதீர்கள்.

இனி உங்கள் பிசிக்கு வருகிறேன். பில்லை ஜிஎஸ்டியோடு வாங்கி, ஸ்டிக்கில் உள்ள சீரியல் நம்பர் அதில் இருக்கிறதா பாருங்கள். வாரண்டி ஸ்டிக்கரை உரிக்க வேண்டாம். ஸ்டிக்கைச் செருகும்போது கிளிப் டக் என்று பூட்டும்வரை இரண்டு ஓரத்தையும் அழுத்த வேண்டும். டிஸ்பிளே வரவில்லை என்று தூக்கிக்கொண்டு வரும் புது பிசிகளில் பல, ரேம் பாதி உட்கார்ந்தவைதான்.

விண்டோஸ் போட்ட பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போங்கள். ஸ்பீடு 3200 என்றும், ஸ்லாட் இரண்டில் இரண்டு என்றும் காட்ட வேண்டும். சிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரில் பார்த்தால் 1600-ஐ ஒட்டிக் காட்டும். கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். டிடிஆர் ரேம் ஒரு கடிகாரத் துடிப்பில் இரண்டு முறை டேட்டா அனுப்புவதால் பெட்டியில் அதன் இரட்டிப்பைப் போடுகிறார்கள்.

ஆல்பம் வேலையை அதில் ஏற்றுவதற்கு முன்னால், ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை சாஃப்ட்வேரை பென்டிரைவில் இருந்து ஓட விடுங்கள். காலையில் ஒரு எரர்கூட இருக்கக் கூடாது. ஒன்றிரண்டுதானே என்று விட்டுவிடாதீர்கள், ஒன்று வந்தாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். ஸ்பீடு 3200-க்குப் பதில் 2666 என்று காட்டினால், பயாஸில் டிஃபால்ட் லோடு செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் சிபியு-இசட்டில் எஸ்பிடி என்ற பக்கத்தைத் திறங்கள். ஜெடெக் வரிசையில் 1600 இல்லாமல், எக்ஸ்எம்பி என்ற வரிசையில் மட்டும் இருந்தால் உங்களுக்குக் கொடுத்தது நீங்கள் கேட்ட ரேம் அல்ல. அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து, பில்லோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள்.